யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி மாதமும் மார்கழி விடுமுறையும் நெருங்கினால் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. கனடாவிலிருக்கும் மச்சாள், கொழும்பில் வேலை செய்யும் பழைய சிநேகிதர், அவர் கைகாட்டிவிட்ட மதுரைக்காரர் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நாலு நாள் நல்லது. மூன்றுக்குக் குறைய வேண்டாம்.

யாழ்ப்பாண மாவட்டம் முழுக்க எடுத்தாலும் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான். நகரிலிருந்து காங்கேசன்துறைக்கு இருபது கிலோமீற்றர்கூட இல்லை, பருத்தித்துறைக்கு முப்பத்துச் சொச்சம். வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காலையில் கீரிமலை, மத்தியானம் நயினாதீவு, பின்னேரம் பருத்தித்துறை என்று ஒரே நாளுக்கு எழுதிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. முதலாவது வடக்குக் கரை, இரண்டாவது மேற்கே கடலுக்குள், மூன்றாவது வடகிழக்கு மூலை. ஒவ்வொரு தடவையும் நகருக்குத் திரும்பி வந்து மற்றப் பக்கம் போக வேண்டும். வழியில் மாடு குறுக்கே நிற்கும், ஏதாவது ஒரு கோயிலில் சாமி வெளிவீதி வரும், படகு தன் நேரத்துக்குத்தான் போகும்.

இடங்களைப் பட்டியல் போடாமல் திசையைப் பிரியுங்கள், ஒரு நாளைக்கு ஒரு திசை. நகரும் நல்லூரும் ஒரு நாள். வலிகாமம் வழியாகக் கீரிமலை, காங்கேசன்துறை ஒரு நாள். வடமராட்சி ஒரு நாள். தீவுகள் ஒரு நாள். நெடுந்தீவும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஐந்தாவது நாள்.

குடாநாடு என்றால் எங்கே தொடங்குகிறது?

ஆனையிறவில். கண்டி வீதியால் வரும்போது இரண்டு பக்கமும் கடல்நீரேரி வெறிச்சென்று விரியும், உப்பளம் தெரியும், காற்று வாகனத்தைத் தள்ளும். தென்பகுதியில் பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்த நீருக்குள்ளால் நடத்தி யாழ்ப்பாணம் கொண்டுவந்து கப்பலேற்றினார்களாம். பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். அதைக் கடந்தால் பளை. அது குடாநாட்டுக்குள் இருந்தாலும் நிர்வாகத்தில் கிளிநொச்சி மாவட்டம். பிறகு தென்மராட்சி, வடக்கே வடமராட்சி, மேற்கே வலிகாமம். தீவுகளைச் சேர்த்துச் சொல்வது தீவகம். வழி கேட்டால் சனம் இந்தப் பெயர்களில்தான் பதில் சொல்லும், ஆகவே மனதில் வைத்திருங்கள்.

எந்த மாதம் வரலாம்?

தை முதல் பங்குனி வரை. மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று இருக்கும், வயலும் குளமும் பச்சையாக இருக்கும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கும். பட்டம் என்றால் வாலும் நூலுமாக நாலு மூலைக் காகிதம் அல்ல. படகு, பறவை, ராட்டினம் என்று பத்துப்பேர் தூக்கிப் பிடித்து ஏற்றும் உருவங்கள்.

சித்திரையிலிருந்து வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அந்தக் காலத்தில்தான். வெயிலா மாம்பழமா என்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

ஆடி அமாவாசை கழிந்து சில நாளில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும். 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஊர் முழுக்க வீதிக்கு வந்துவிடும். கூட்டம் பிடிக்குமென்றால் இதைவிட நல்ல காலம் இல்லை. பிடிக்காதென்றால் அந்த மாதமே வேண்டாம். சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம் என்பதால் தீவுப் படகும் கொஞ்சம் ஆட்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டும். கடல் குழம்பினால் படகு ஓடாது.

எப்படி வந்து சேர்வது?

கொழும்பிலிருந்து ரயில் என்றால் கோட்டை நிலையத்தில் ஏறினால் ஏறத்தாழ ஏழெட்டு மணித்தியாலம். யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துச் சேவை நின்றுபோய், 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ரயில் என்பது படத்தில் பார்த்த சாமான். விடுமுறைக் காலத்தில் ஆசனம் கிடைப்பது கஷ்டம், பதிவு திறந்தவுடன் எடுத்துவிடுங்கள். இரவு பஸ்கள் வெள்ளவத்தைப் பக்கமிருந்து புறப்பட்டு விடிய வந்து சேரும். நித்திரை வராதவர்கள் ரயிலில் பகலில் வாருங்கள். வவுனியா தாண்டியபின் காடும் குளமுமாக வரும் காட்சி, ஆனையிறவில் கடல் திறக்கும் இடம், இரண்டுக்காகவும் யன்னல் ஓரம் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சென்னை, திருச்சி விமானங்கள் பலாலி விமான நிலையத்துக்கு வருகின்றன. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். கப்பலை நம்பி வருகிறவர்கள் திரும்பிப் போகும் நாளுக்கு அடுத்த நாளே முக்கியமான கலியாணமோ வேலையோ வைக்காதீர்கள். கடவுச்சீட்டும் விசாவும் கப்பலுக்கும் வேண்டும். “இங்கேதானே இருக்கு” என்று கேட்ட ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே தங்குவது வசதி?

நகரிலோ நல்லூரிலோ. எந்தத் திசைக்குப் போவதென்றாலும் அங்கிருந்து கிளம்புவது சுலபம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அறை கிடைப்பது அருமை. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அந்த 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை. நண்டுக்கறி கனவோடு வருகிறவர்கள் இதையும் கவனியுங்கள்.

உள்ளே சுற்ற என்ன வாகனம்?

குடும்பமாக வந்தால் நாள் வாடகைக்கு வான். இரண்டு பேர் என்றால் ஓட்டோ, நாள் முழுக்க என்று ஏறுமுன்னே பேசிக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டு உரிமத்தோடு ஓட்ட இங்கே தனியாக அனுமதி எடுக்க வேண்டும்.

எனக்குக் கேட்டால் சைக்கிள். குடாநாட்டில் மலை என்ற பெயர் கீரிமலைக்கு மட்டும்தான், அங்கேயும் மலை கிடையாது. விடிய ஐந்தரைக்கு நல்லூரிலிருந்து கிளம்பி ஒழுங்கைகளுக்குள்ளால் கோண்டாவில், இணுவில் பக்கம் போனால் செம்மண் தோட்டத்தில் தண்ணி மாறிக்கொண்டிருப்பார்கள். புகையிலை, வெங்காயம், மரவள்ளி. ஒன்பது மணிக்குத் திரும்பிவிட வேண்டும், பிறகு வெயில் விடாது.

நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் முடியுமா?

முடியும் என்று சொல்லும் ஓட்டோக்காரர் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன்.

இரண்டுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு. நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து இன்னொரு நீண்ட கடற்பாலத்தால் புங்குடுதீவு, அதன் மேற்கு முனை குறிகட்டுவான். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அந்தப் பாதையே பார்க்க வேண்டிய ஒன்று. வீதியின் இரண்டு கரையிலும் முழங்காலளவு நீர், அதில் கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும்.

நயினாதீவுக்குப் படகு இருபது நிமிடம். படகுக்குள் குனிந்து இறங்க வேண்டும், கூரை தலையில் இடிக்கும். டீசல் மணம், அர்ச்சனைத் தட்டின் கற்பூர மணம், பக்கத்து ஆளின் மல்லிகைப்பூ, எல்லாம் ஒன்றாக வரும். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திருக்காமல் போடுங்கள். நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்தர்களின் நாகவிகாரையும் ஒரே கரையில் நடக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. தமிழ்ச் சனமும் சிங்களச் சனமும் ஒரே படகில் வந்து இரண்டு துறையில் இறங்குவதை இங்கே பார்க்கலாம். கோயிலில் மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். வெளியில் சாப்பாடு தேட வேண்டாம்.

நெடுந்தீவு வேறு கதை. படகில் ஒரு மணித்தியாலம், கடல் பார்த்துக் கூடவும் ஆகும். காலையில் போகும் படகை விட்டால் அந்த நாள் போச்சு. இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்பது. நான் கேட்டேன்தான். ஆனால் பாவோபாப் எனும் பெருக்கமரத்தின் பொந்துக்குள் எல்லோரும் நின்று படம் எடுக்க வேண்டுமென்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்து, துறைக்கு வந்தபோது படகின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஓட்டோக்காரரின் மாமி வீட்டில் அன்றிரவு தங்கினோம். பாய், மண்ணெண்ணெய் வாசம் வீசும் திண்ணை, சவர்த்தண்ணியில் போட்ட தேத்தண்ணி, சுட்ட மீனும் சோறும். “நாளைக்கு எட்டு மணிக்கு வரும், இப்ப படுங்கோ பிள்ளையள்” என்றார் மாமி. காசு வாங்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு மாமி கிடைப்பாரென்று எண்ணி வராதீர்கள்.

அங்கே பார்ப்பது என்ன என்றால் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், சாந்தே இல்லாமல் வீதிக்கு வீதி போகும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் வெளியில் கூட்டமாக மேயும். கடும் வரட்சியில் அவை தண்ணிக்குப் படும் பாட்டைப் பார்க்க மனம் பொறுக்காது. இடிந்த ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, சொன்ன பெருக்கமரம். இறங்குதுறையிலேயே வாகனம் பேசலாம். தண்ணிப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.

கீரிமலைக் கேணியில் குளிக்கலாமா? கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணி எப்படி வருகிறது?

குளிக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. சவர்க்காரம், ஷாம்பு போடக்கூடாது. ஆண்கள் கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் அலை அடிக்கும், இந்தப் பக்கம் பச்சை நீர் அசையாமல் நிற்கும். மதிலில் உட்கார்ந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தால் கேணித் தண்ணி குளிர்ச்சியாகவும், கடல் வெதுவெதுப்பாகவும் இருக்கும்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, மழைக்கு மட்டும் ஓடும். கீழே முழுக்கச் சுண்ணக்கல். பெய்யும் மழை ஓட்டைக் கல்லுக்குள் இறங்கி, பாரம் குறைவு என்பதால் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. அந்த நல்ல தண்ணி கல்லின் வெடிப்புகள் வழியாகக் கரைக்கு வந்து கீரிமலையில் வெளியே வருகிறது. எங்கள் கிணறு, தோட்டம், குடிதண்ணி எல்லாம் இந்த மெல்லிய தண்ணிப் படையை நம்பித்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். தங்குமிடத்தில் தண்ணியைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தால் அது சும்மா எழுதியதல்ல.

இதே விஷயத்தை வேறு விதமாகப் பார்க்க நிலாவரைக் கிணற்றுக்குப் போங்கள், புத்தூருக்குக் கிட்ட. அடியே இல்லை என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொன்ன கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. ஒரு எலுமிச்சங்காயைப் போட்டால் கீரிமலையில் வந்து மிதக்கும் என்று கதை சொல்வார்கள். நான் போட்டேன். கீரிமலைக்குப் போய்ப் பார்க்க அப்பா சைக்கிள் தரவில்லை.

கேணிக்குப் பக்கத்திலேயே நகுலேஸ்வரம், ஈழத்துப் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருவோரால் நிற்க இடமிராது.

கோயிலுக்கு என்ன உடை?

நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், அமைச்சராக இருந்தாலும் சரி. பெண்கள் சேலை, பாவாடை தாவணி, நீளமான சட்டை ஏதாவது. பூசை நேரம் நிமிடம் தவறாது. “ஐந்து நிமிடம் பிந்திவிட்டோம்” என்பதற்கு அங்கே பதில் இல்லை. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான், சில்லறை வைத்திருங்கள்.

நகருக்குள் எதைப் பார்ப்பது?

கோட்டையைப் பின்னேரம் பாருங்கள். போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோண வடிவில் பெருப்பித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. உள்ளிருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமாகிவிட்டது. மதிலின்மேல் நடந்தால் பண்ணைக் கடலில் சூரியன் விழும்.

பொது நூலகம் கோட்டைக்குக் கிட்டத்தான். 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. இப்போது நிற்பது திருத்திக் கட்டியது. முன்னால் சரஸ்வதி சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். பார்வையாளருக்கென்று தனி நேரம் உண்டு, ஏனென்றால் அது இன்னமும் பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கும் நூலகம். நல்லூர்ப் பக்கத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு, யமுனா ஏரி மூன்றும் நடந்தே பார்க்கலாம். யமுனா ஏரியின் பராமரிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வடமராட்சியை ஒரு நாளில் எப்படிச் சுற்றுவது?

தொண்டைமானாற்றால் போய் வல்லிபுரத்தால் திரும்புங்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார். அங்கிருந்து கரையோர வீதியால் வல்வெட்டித்துறை, பிறகு பருத்தித்துறை. பருத்தித்துறைக்கு முன்னே சக்கோட்டை முனை, இலங்கையின் வடக்கு அந்தம். வெளிச்சவீட்டை வீதியிலிருந்து பாருங்கள், படமெடுக்கப் போய்ப் பேச்சு வாங்காதீர்கள். நகரில் தட்டை வடை வாங்குங்கள். உளுந்தும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, அப்பளம்போல மெல்லிதாகத் தட்டிப் பொரித்தது. வானுக்குள் பையைத் திறந்தால் வீடு போய்ச் சேராது.

வல்லிபுர ஆழ்வார் கோயிலில் வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டும், ஆகவே உச்சி வெயிலில் வேண்டாம். அந்தப் பக்கத்தில்தான் 1936இல் பழங்கால எழுத்துப் பொறித்த வல்லிபுரம் பொன்னேடு கிடைத்தது. அப்பால் மணற்காடு. சவுக்கு மரங்கள், குன்று குன்றாக மணல், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். 2004 சுனாமி இந்தக் கரையை மோசமாக அடித்தது. இங்கே கடலில் இறங்க வேண்டாம், திறந்த கடல், இழுவை இருக்கிறது.

அப்படியானால் எங்கே குளிப்பது?

காரைநகர் கசூரினா, வேலணைச் சாட்டி. இரண்டும் ஆழம் குறைவு, நூறு அடி நடந்தாலும் இடுப்பளவு வராது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். பெண்கள் சட்டையோடுதான் குளிப்பார்கள். நீச்சலுடையில் இறங்கினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒடியல் கூழ் எங்கே குடிக்கலாம்?

எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இராது. முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சுவது. பனையோலைப் பிளாவில் ஊற்றிச் சூடாகக் குடிக்க வேண்டும். பலா இலையைக் கோலிக் கரண்டியாக்குவதும் உண்டு. முதல் வாய்க்கு மூக்கால் தண்ணி வரும், மூன்றாவது வாய்க்குப் பிறகு ஆள் கதைக்கமாட்டார். மச்சம் சாப்பிடாதவர்களுக்குக் காலையில் புட்டு, சொதி, சம்பல். வெள்ளிக்கிழமைகளில் சைவக் கடைகள் நிரம்பி வழியும்.

பாதுகாப்பா? போரின் தடயங்களைப் பார்க்கலாமா?

பயணிகளுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று விதி மட்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கும் இடம், மண்டையோட்டுப் பலகை கண்டால் அதற்கப்பால் கால் வைக்காதீர்கள். இராணுவ, கடற்படை முகாம்களைப் படமெடுக்காதீர்கள். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும்.

இன்னொன்று விதியல்ல, என் வேண்டுகோள். ஓட்டோவில் ஏறியதும் “நீங்கள் எத்தனை தரம் இடம்பெயர்ந்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். கூரையில்லாத வீடுகள் வழியெங்கும் தெரியும். நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினி என்ற படகில் 1985 மே 15 அன்று பயணிகள் கொல்லப்பட்டார்கள், அவர்களின் உறவினர் உங்கள் பக்கத்து ஆசனத்தில் இருக்கலாம். தேத்தண்ணி தந்து, ஊர் விசாரித்து, தாங்களாகத் தொடங்கினால் கேளுங்கள்.

வயதான அம்மா, அப்பாவைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. நயினாதீவுப் படகில் ஏற இறங்கக் கை கொடுப்பார்கள். நெடுந்தீவுக்கு முழங்கால் வலிக்காரரைக் கொண்டுபோக வேண்டாம்.

என்ன வாங்கிக்கொண்டு போகலாம்?

தட்டை வடை, வறுத்து அரைத்த கறித்தூள், புழுக்கொடியல், பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), நெல்லிரசம், ஓலைப்பெட்டி. பனங்கட்டி வாங்கினால் ஓலைக் குட்டானில் இருப்பதையே கேளுங்கள். வாங்கியதும் நெகிழிப்பைக்குள் இறுக்கிக் கட்டி, வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள். மச்சாள் வைத்தார். பளை தாண்டுமுன்னே பாணியாகி, அவருடைய கடவுச்சீட்டு வரை போய்விட்டது.